சுண்டிப் பாத்த டயர்

சிரிக்கலாம்னுதான வந்து உக்காந்திருக்கீங்க? தெரியும். என் மண்டைக்குள்ள எப்பவும் ஒரு முன்னூறு பேரு உக்காந்திருக்கீங்க, செவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில, பந்தி முடிஞ்ச கையோட, பாதிப் பேரு வெத்தலையக் குதப்பிக்கிட்டு. இந்த மிமிக்ரி மருதாசலம் மைக்கப் புடிச்சா மொதல்ல குக்கர் விசிலு, அப்பறம் பக்கத்து ஊட்டுக்காரி சண்டை, அப்பறம் மேட்டுப்பாளையத்து ரயிலு மூச்சு வாங்கி மலையேர்றது, கடைசியா மாப்பிள்ளையோட சித்தப்பா தண்ணியப் போட்டுட்டு வாழ்த்திப் பேசறது. வரிசை உங்களுக்கே மனப்பாடம். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே மூணாவது வரிசையில ஒருத்தரு பல்லக் காட்டிட்டு ரெடியா இருக்காரு. மூடுங்க சார். இன்னிக்கு விசிலும் இல்ல, ரயிலும் இல்ல. இன்னிக்கு சைக்கிள் சக்கரம். அகலச் சக்கரம். உள்ளகலம் எத்தன மில்லிமீட்டரு இருக்கணும், ஓரத்துல ஒதடு வெச்சது நல்லதா வெக்காதது நல்லதா, முள்ளுத் தடத்துல பஞ்சராகாமப் போறது எப்படி. எந்திரிச்சுப் போறவங்க போலாம், தாம்பூலப் பை வாசல்ல குடுப்பாங்க. நான் கோவத்துல இருக்கேன். பதினோரு மணிக்கு வாங்கண்ணான்னு சொன்ன நவநீதன் பதினொன்னேகால் ஆகியும் இன்னொருத்தங்கிட்டப் பேசிட்டு நிக்கறான், சொந்த சைக்கிள் கடைங்கற திமிரு, நான் அவன் போட்ட ஸ்டூல்ல உக்காந்து, மடியில ஒரு சக்கரத்த வெச்சுக்கிட்டு, கைக்கொழந்தைய டாக்டர்கிட்டக் காட்ட வந்தவனாட்ட காத்துக் கெடக்கறேன்.

மடியில இருக்கறது என்னோட சக்கரம் இல்ல. திருமூர்த்தியோடது. முன்சக்கரம். டயரு ஒரு பக்கம் ரிம்ம விட்டு வெளிய வந்து, குடல் சரிஞ்ச ஆடாட்டத் தொங்குது. உள்ள இருந்த வெள்ளப் பாலு காஞ்சு, வெயில்ல தோலு உரிஞ்ச மாதிரி படலம் படலமா என் பேண்ட்டுல உதிருது. குடிக்கற பாலு இல்லைங்க, டியூப் இல்லாத டயருக்குள்ள ஊத்தற ரப்பர் பாலு. முள்ளு குத்துனா அந்த ஓட்டையில ஓடிப் போயி ஒறைஞ்சு அடைச்சுக்கும்னு சொல்லி இதே நவநீதன், இதே ஸ்டூல்ல எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி உக்கார வெச்சுத்தான் வித்தான். திருமூர்த்தி விழுந்து இன்னியோட பன்னண்டு நாளு. பொள்ளாச்சிக்குத் தெக்க, வாய்க்கா மேட்டுல இருந்து தார் ரோட்டுக்கு எறங்கற சரிவுல, முன் டயரு ரிம்ம விட்டுத் தெறிச்சு, அவன் வலது தோளு தரையில, சைக்கிள் அவன் மேல. கழுத்தெலும்பு ரெண்டு துண்டு. தகடு வெச்சு ஆறு ஸ்க்ரூ. மோட்டாருக்குக் காயில் சுத்தறவன் அவன், நாளு பூரா வலது கையிலதான் வேலை, மூணு மாசம் அதத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல அவன் சம்சாரம் சுலோச்சனா என்னையப் பாத்தா. அழுகை இல்ல, சத்தம் இல்ல. கரண்ட் எப்ப வரும்னு கேக்கற மாதிரிக் கேட்டா: "ஏனுங்ணா, அன்னிக்குக் காத்தடிச்சது நீங்கதானுங்களே?" அவ்வளவுதான். ஆமாம்னு சொன்னேனா இல்லைன்னு சொன்னேனா, எனக்கே ஞாபகமில்ல, என்னமோ தொண்டையக் கனைச்சேன். அதுக்கப்பறம் நான் போன் பண்ணா அவதான் எடுக்கறா. "அவரு தூங்கறாருங்ணா." காலையில எட்டு மணிக்கும் தூங்கறான், சாயந்தரம் ஆறு மணிக்கும் தூங்கறான். எலும்பு ஒடஞ்சவன் தூங்கட்டும், வேண்டாங்கல, அதுக்காகப் பன்னண்டு நாளா? இருவது வருசக் கூட்டாளி, டேய் மருதுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஸ்க்ரூ கழண்டுக்குமா? சரி. நான் இங்க பொலம்ப வரல. தப்பு சக்கரத்தோடதுதான்னு இன்னிக்கு இந்த நவநீதன் வாயால வரணும். வந்ததும் நேரா திருமூர்த்தி ஊட்டு வாசல்ல போயி நின்னு, அம்மிணி, தூங்கறவன எழுப்பு, சேதி இருக்குன்னு சொல்லணும். அதுவரைக்கும் இந்த ஸ்டூல விட்டு எந்திரிக்கறதில்ல.

நவநீதனப் புடிச்சு வெச்சுக்கிட்டு அக்கட்டால நிக்கற கண்ணாடிக்காரரு இன்னும் முடிச்ச பாடில்ல. "ப்ரோ, இந்த செட்டு ஆயிரத்தி ஐநூத்தி எம்பது கிராமு, அது ஆயிரத்தி நானூத்தி அம்பது. அந்த நூத்தி முப்பது கிராமு ஏத்தத்துல தெரியுமா ப்ரோ?" தெரியும் ராசா, தெரியும். வயித்தத் தடவிப் பாரு, அங்க பன்னண்டாயிரம் கிராமு தெரியும். பாத்தீங்களா, சிரிச்சுட்டீங்க. வேண்டாம்னு சொன்னேன்ல. உங்களுக்கு நான் என்ன சொன்னாலும் சிரிப்பு, அதுதான் உங்க வியாதி, என் பொழப்பு. அந்தக் குரலு என் தொண்டையில அதுக்குள்ள வந்து ஒக்காந்துருச்சு, அந்த ப்ரோவுல கடைசி ஓவ மூக்குக்குள்ள இழுக்கறாரு பாருங்க, அத நாளைக்கே மேடையில விட்டா கைதட்டு விழும். எனக்குக் கேட்டது எதுவும் வெளிய போகாது. கேட்டா கேட்டதுதான். உள்ள போயி ஒக்காந்துக்கும். அதுல நல்ல சத்தம் கெட்ட சத்தம்னு பிரிச்சு எடுக்க முடிஞ்சா நல்லாருக்கும்... வேண்டாம், அங்க போகாத. முள்ளுக்கு வா. முள்ளு மேல கோவப்படு, அதுல ஒரு வம்பும் இல்ல.

மூணு வருசம் நானும் திருமூர்த்தியும் ஒல்லி டயர்லதான் ஓட்டுனோம். ஞாயித்துக்கெழமையானா வாய்க்கா மேட்டுத் தடம், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் தென்னந்தோப்பு, பாக்கறதுக்குக் காலண்டர் படமாட்ட இருக்கும், கீழ பாத்தாத்தான் தெரியும் அதோட யோக்கியதை. ஆட்டுப் பட்டிக்கு வேலி அடைக்கறேன்னு வேலா மரத்தக் கழிச்சு, கெளைய இழுத்துட்டுப் போவாங்க, போற வழி பூரா முள்ளு. அதக்கூட மன்னிச்சுரலாம், கண்ணுக்குத் தெரியும். இந்த நெருஞ்சி இருக்கே. மஞ்சப் பூவு, பிஞ்சு எலை, பச்சப்புள்ளையாட்டப் படுத்திருக்கும். அதோட காயி எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளு வானத்தப் பாத்து நிக்கும். எந்தப் பாவி உக்காந்து யோசிச்சுப் பண்ணானோ. ஒரு ஞாயித்துக்கெழமை அஞ்சு பஞ்சர், ரெண்டு பேருக்கும் சேத்து. அஞ்சாவது பஞ்சருக்கு நான் சைக்கிளத் தூக்கி வாய்க்காலுக்குள்ளயே போடப் போனேன். திருமூர்த்தி தடத்துல சம்மணம் போட்டு உக்காந்து, டயருக்குள்ள விரல விட்டுத் தடவித் தடவி முள்ளத் தேடிட்டு இருந்தான், சோத்துல கல்லுப் பொறுக்கறவனாட்ட. "இருடா மருது, கெடைச்சிரும்"கறான். அவனுக்குக் கோவமே வராது. அதுதான் எனக்குக் கோவம். நாலு கெட்ட வார்த்தை பேசுடா முள்ள, கூட்டுக்காவது பேசுடான்னா, முள்ள எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டிச் சிரிக்கறான், "இத்தனூண்டு இருந்துட்டு என்ன வேலை பண்ணுது பாரு"ங்கறான். மனுசனா அவன்? அன்னிக்குத்தான் அகலச் சக்கரம் வாங்கறதுன்னு முடிவாச்சு. முடிவு பண்ணது நானு. அவன் தலையாட்டுனான். அவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான், அதையும் சேத்துக் குறிச்சுக்குங்க.

வந்தோம். இதே கடை. நவநீதன் பாடம் எடுத்தான், நம்பர் இல்லாம அவனுக்குப் பேச வராது: "அண்ணா, ஆக்சுவலி இது உள்ளகலம் இருபத்தஞ்சு. டயரு நாப்பத்தஞ்சு. அகலம் எச்சாக எச்சாகக் காத்து கொறையணும்ணா. பம்பு மீட்டர்ல முப்பத்தஞ்சு போதும். அம்பதத் தாண்டவே கூடாது, ஸ்டிக்கர்லயே போட்டிருக்குது பாருங்க." காத்து கொறைஞ்சா டயரு முள்ளு மேல அமுங்கி வளைஞ்சு போயிருமாம், கல்லாட்ட இருந்தாத்தான் முள்ளு நேரா எறங்குமாம். எங்கிட்டயே சொல்றான். இந்த ஊர்ல சைக்கிள நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சுப் பாருங்க, போறவன் வர்றவன் பூராப் பேரும் வந்து கட்டவெரல்ல டயர அமுக்கிப் பாப்பான். ஓட்டத் தெரியாதவனும் அமுக்குவான். "காத்து பத்தாதுங்களே, இப்படியே போனா பஞ்சராயிருமுங்." ஊரே ஒரு கட்சி, இவன் ஒருத்தன் எதிர்க்கட்சி. நானு ஊரு பக்கம். திருமூர்த்தி நவநீதன் சொன்னதப் பூராத் தலையச் சாச்சுக் கேட்டான், ஸ்டிக்கரப் படிச்சான், அப்பறம் என்னையப் பாத்தான். நான் சொன்னேன், நவநீதன் குரல்லயே சொன்னேன், "ஆக்சுவலிண்ணா, காத்தே அடிக்காம ஓட்டுனா பஞ்சரே ஆகாதுண்ணா". கடையே சிரிச்சுது. நவநீதனும் சிரிச்சான். நல்ல டைமிங். என் டைமிங்க யாரும் கொறை சொல்ல முடியாது. அந்தச் சிரிப்புல அந்த அம்பதுங்கற நம்பரு அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு, அது என் தப்பா? சிரிச்சவங்க தப்பு இல்லையா? நீங்கதான, மூணாவது வரிசை, நீங்கதான சிரிச்சீங்க?

இப்ப எதிர்ல மேசை மேல ரெண்டு புதுச் சக்கரத்த எடுத்து வெச்சிருக்கான், பாத்துட்டு இருங்கண்ணான்னு. ரெண்டும் ஒரே அகலம். ஒண்ணுல ஓரத்துல உள்பக்கமா ஒரு ஒதடு மடங்கி இருக்கு, டயரோட வெளிம்பக் கொக்கி மாதிரிப் புடிச்சுக்கும். இன்னொண்ணு, என் மடியில இருக்கறதாட்டவே, விரல விட்டா வழுவழுன்னு நேராப் போகுது, சுவராட்ட, புடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. நான் ஒதடு வெச்சதத்தான் எடுக்கப் போறேன் திருமூர்த்திக்கு. ஏன்னு கேட்டா, அது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. அத எடுத்தா ஒதடு இல்லாதது குத்தவாளின்னு ஆயிரும்ல. விரல ரெண்டு தடவ விட்டுப் பாத்தேன். வழுவழுப்பு. இதுல எப்படிய்யா டயரு நிக்கும்? நியாயமா சொல்லுங்க. எந்த மடையனாவது கைப்புடி இல்லாத மாடிப்படி கட்டுவானா? அதுல ஒருத்தன் விழுந்தா, படியக் கேப்பீங்களா, அவனுக்குப் பின்னால நின்னவனக் கேப்பீங்களா? பின்னால நின்னவன் தள்ளுனானான்னு கேப்பீங்க. கேளுங்க. காத்தப் பத்திக் கேக்கணும், அதானே? கேளுங்க, எனக்கென்ன பயம்.

அன்னிக்குக் காலையில அஞ்சே முக்கால். திருமூர்த்தி ஊட்டு முன்னால. சுலோச்சனா வாசலுக்குத் தண்ணி தெளிச்சுட்டு இருந்தா, அதனாலதான் அவ பாத்தா, இல்லைன்னா அவளுக்கு எப்படித் தெரியும். திருமூர்த்தி பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டே, "மருது, காத்து நீயே பாத்துருடா, உங் காதுக்குத்தான் தெரியும்"னான். எப்பவும் அப்படித்தான். ஒல்லி டயரு காலத்துல இருந்தே காத்து என் டிபார்ட்மெண்டு. பம்புல காத்து அளவு காட்டற மீட்டரு இருக்கும், நான் பாக்க மாட்டேன். எனக்கு எதுக்கு மீட்டரு? நகத்தால டயர ஒரு சுண்டு சுண்டுவேன். காத்து சரியா இருந்தா டிங்னு வரும். ஒரே சுருதி. மூணு வருசம், அந்த டிங்கு ஒரு நாளும் மாறுனதில்ல. திருமூர்த்தி அப்பறமா மீட்டர் வெச்சுப் பாத்துட்டு, "தொண்ணூறு, கரெக்டா தொண்ணூறுடா, காதா அது"ம்பான், தெருவுல போறவங்களக் கூப்புட்டுச் சொல்லுவான். அன்னிக்குப் புதுச் சக்கரம், அகல டயரு. சுண்டுனேன். டொம்முன்னுச்சு. பூசணிக்காயத் தட்டுன மாதிரி. எனக்கு அந்தச் சத்தமே புடிக்கல. அடிச்சேன். சுண்டுனேன். டும். அடிச்சேன். டங். பம்பு கெட்டியாயிருச்சு, ஒடம்பு பாரம் பூராக் குடுத்து அமுக்குனேன், வேர்த்துப் போச்சு. அடிச்சேன். டிங். அதே டிங். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? நாப்பத்தஞ்சு மில்லிமீட்டரு டயருல இருந்து அதே டிங்க வாங்கிட்டேன். திருமூர்த்தி மீட்டரப் பாக்கல அன்னிக்கு. ஏன் பாக்கல? அதக் கேளுங்களேன் அவன. டேய் அம்பதுன்னானே நவநீதன், எவ்வளவு அடிச்சிருக்கன்னு கேட்டிருக்கலாம்ல, வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கல. நம்பிட்டான். நம்பறவன் மேல வர்ற கோவம் இருக்கே, அது வேற எந்தக் கோவத்தையும் விட எச்சுங்க.

சரி, அடிச்சேன், கொஞ்சம் எச்சாவே அடிச்சேன்னு வெச்சுக்குங்க. பதினெட்டு கிலோமீட்டர் ஓடுச்சே! காத்து எச்சுன்னா வாசல்லயே தெறிச்சிருக்கணும்ல? சுலோச்சனா மூஞ்சிக்கு முன்னாலயே தெறிச்சிருக்கணும்ல? ஓடுச்சு, பதினெட்டு கிலோமீட்டரு ஜம்முனு ஓடுச்சு. அப்பறம் தெறிச்சா அது என் காத்து இல்ல. அது முள்ளு. இல்லைன்னா இந்த ஒதடு இல்லாத ரிம்மு. முள்ளு, ரிம்மு, ரெண்டுல ஒண்ண எடுத்துக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. வெயிலு ஏறுனா உள்ள காத்து வீங்கும்ணா, ஆக்சுவலி, அப்பறம் ஒரு கல்லுல ஏறி எறங்குனா... யாரு பேசறது? நவநீதன் அக்கட்டால கிராம் கணக்குல இருக்கான். அவன் குரலு எனக்குள்ளயே இருந்து பேசுது. இதுதான் என் சாபம். எதிராளி பேச வேண்டியதையும் நானேதான் பேசணும், அதுவும் அச்சு அசலா.

முள்ளுன்னா என்ன சத்தம் வரும்? நீங்க சொல்லுங்க. பஞ்சர் சத்தம் தெரியாதவன் யாரு. உஸ்ஸ்ஸ்னு வரும், சாரைப்பாம்பு சருகுல போற மாதிரி, மெல்ல மெல்லக் கொறையும். பாலு ஊத்துன டயருன்னா கடைசியில ரெண்டு கொப்புளம், ப்ளுக் ப்ளுக்னு, அப்பறம் அடைச்சுக்கும். நான் அவனுக்குப் பின்னால பத்தடியில வந்துட்டு இருந்தேன். உஸ்ஸுன்னு கேக்கல. ட்டப். ஒரே அடி. பட்டாசு இல்ல, அதுல ஒரு கரகரப்பு இருக்கும், இது சுத்தம். பெரிய டப்பா மூடிய ஒரே இழுப்புல இழுத்தா வருமே, அந்த ட்டப்பு, வாயில்லாத ஒண்ணு வாயத் தொறந்த மாதிரி. அதுக்குப் பின்னாலயே ரிம்மு கல்லுல ஒரசற கர்ர்ர், அப்பறம் அவன் விழுந்த சத்தம், அது சத்தமே இல்ல, ஒரு மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி தொப்புன்னு. எந்திரிச்சு உக்காந்தான். மூஞ்சி பூராப் பாலு, புருவம் வெள்ளை, மீசை வெள்ளை. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஓடிப் போயித் தூக்கல. சைக்கிள்ல நின்ன வாக்குலயே, கோயில் நோம்பியில மைக்குல பேசறவன் குரல எடுத்து, "பக்த கோடிகளே, சாமிக்குப் பால் அபிசேகம் நல்லபடியா முடிஞ்சுது"ன்னேன். டைமிங்கு. ஒரு நொடி பிசகல. அவனும் சிரிச்சான். எலும்பு ரெண்டாப் போயி உக்காந்திருக்கான், சிரிச்சான், சிரிக்கறதுக்குத் தோளு குலுங்குச்சு, குலுங்குனதுல எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒரசி, அம்மான்னான். அந்த அம்மா. அதத்தான் சொல்றேன், கேட்டது எதுவும் வெளிய போகாதுன்னு.

போன வாரம் திருப்பூர்ல ஒரு பொறந்த நாளு. மைக்கு குடுத்தாங்க. குக்கர், சண்டை, ரயிலு, எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. பொறந்த நாளுப் புள்ளை, ஆறு வயசு, "அங்கிள், பலூன் வெடிக்கற மாதிரி பண்ணுங்க"ன்னா. வாயத் தொறந்தேன். தொண்டையில அந்த ட்டப்பு ரெடியா நிக்குது. அத விட்டா அதுக்குப் பின்னால வரிசையா நிக்கறது எல்லாம் வந்துரும், கர்ர்ரு, தொப்பு, அம்மா, எல்லாம். மூடிக்கிட்டேன். "பலூனு வெடிச்சா அழுவாங்க கண்ணு, நாம சிரிக்கற சத்தம் பண்ணலாம்"னு சமாளிச்சேன். இருவத்தஞ்சு வருசத்துல மொத தடவ ஒரு சத்தத்த என்னால செய்ய முடியல. அந்தக் கோவத்துலதான் இருக்கேன், புரியுதா? முள்ளு மேல இல்ல, சக்கரத்து மேல இல்ல... இல்ல, இருக்கு, சக்கரத்து மேல இருக்கு. சக்கரத்து மேலதான்.

"சாரிண்ணா, வெயிட் பண்ண வெச்சுட்டேன்." வந்துட்டான். கண்ணாடிக்காரரு இன்னும் போகல, ரெண்டு சக்கரத்தையும் ரெண்டு கையில தூக்கித் தராசாட்ட நிக்கறாரு. வாசல்ல தூக்குப் போசியும் டம்ளருமா ரங்காத்தாக்கா, இந்த வீதிக் கடைகளுக்கெல்லாம் டீ கொண்டு வர்றவங்க, உள்ள ஏறிட்டு இருக்காங்க. நான் மடியில இருந்தத எடுத்து மேசை மேல வெச்சேன், வெச்சேன்னா போட்டேன். "என்ன சக்கரம்யா இது? ஒரு ஆளக் கொன்னுருக்கும். ஒதடு இல்ல, புடிமானம் இல்ல, என்னத்த நம்பி விக்கறீங்க?" அஞ்சு நிமிசத்துக்கு வசனம் வெச்சிருந்தேன், எங்க நிறுத்தணும், எங்க ஏத்தணும்னு எல்லாம். நவநீதன் சக்கரத்தத் திருப்பிப் பாத்தான். டயரோட வெளிம்பத் தடவுனான். ஓட்டை எதுவும் தேடல, அது எனக்கு ஒறைச்சுது. தலையத் தூக்காமயே கேட்டான்: "கழர்றப்போ எப்படிண்ணா சத்தம் வந்துச்சு? நீங்கதான் அப்படியே பண்ணுவீங்களே." கண்ணாடிக்காரரு, "ஓ, நீங்க மிமிக்ரியா ப்ரோ? பண்ணுங்க பண்ணுங்க"ன்னு சக்கரத்தக் கீழ வெச்சுட்டாரு. முன்னூறு நாற்காலி மண்டைக்குள்ள முன்னால இழுத்துப் போட்ட சத்தம். வாயத் தொறந்தேன். தொண்டையில எது நின்னுதுன்னு எனக்குத் தெரியும். அத முழுங்கிட்டு, உஸ்ஸ்ஸ்ஸ்னேன். சாரைப்பாம்பு. மெல்லக் கொறைச்சு, கடைசியில ரெண்டு ப்ளுக்கும் வெச்சேன். கண்ணாடிக்காரரு கைதட்டுனாரு. பேசுன பொய்யெல்லாம் கணக்கில்ல, ஆனா ஒரு சத்தத்தப் பொய்யா செஞ்சது இதான் மொதோ தடவ. நாக்குல ரப்பர் பாலு பட்ட மாதிரி இருந்துச்சு.

நவநீதன் தரையப் பாத்தான். அப்பறம் நிமிந்து, எம் மூஞ்சியப் பாக்காம, சுவத்துல மாட்டியிருந்த ஹெல்மெட்டப் பாத்துச் சொன்னான்: "சக்கரந்தாண்ணா தப்பு. ஒதடு இல்லாதது நம்ம வெயிலுக்கும் முள்ளுக்கும் ஆகாது. யாரு காத்து அடிச்சிருந்தாலும் இது கழண்டுதான் இருக்கும். இதுல ஆளுக மேல பழி சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒதடு வெச்சது மாத்திக் குடுத்தர்றேன், எடுத்துட்டுப் போங்க." ஜெயிச்சுட்டேன். கேட்டீங்களா எல்லாரும்? நான் வேணும்னு வந்த வார்த்தை, அதே வார்த்தை. இப்ப எந்திரிக்கணும், சக்கரத்த எடுத்துக்கிட்டு நேரா திருமூர்த்தி ஊட்டுக்குப் போகணும். எந்திரிக்க முடியல. சண்டை போட வந்தவனுக்குக் கதவத் தொறந்து வெச்சா உள்ள போயித் தலைகுப்புற விழுகற மாதிரி இருக்கு. ஏன்டா இத்தன சுளுவா ஒத்துக்கற? கடைக்காரனா நீ? அதுக்கும் மேல என்னமோ காதுல நெரடுது. ஒரு ஆக்சுவலி இல்ல. ஒரு நம்பரு இல்ல. நவநீதன் பேச்சுல நம்பரே இல்லாம அஞ்சு வாக்கியமா? மூச்சு விட்ட எடம்கூட அவனோடது இல்ல, பாதியில நின்னு நெனைச்சுப் பாத்து எடுத்துச் சொல்றான். அடுத்தவன் பேச்ச வாங்கிப் பேசிப் பொழைக்கறவன் நானு, எனக்குத் தெரியாதா இரவல் வசனம் எப்படி இருக்கும்னு? காத்தப் பத்தி நான் இங்க வந்து ஒரு வார்த்தை பேசல. யாரு காத்து அடிச்சிருந்தாலும்னு இவனுக்கு எதுக்கு வந்துச்சு? யாரு எழுதிக் குடுத்தது? "நவநீதா"ன்னு ஆரம்பிச்சேன்.

"அட, ஒரு எழுத்து மாறாமச் சொல்லிப்புட்டீங்களே தம்பி!" ரங்காத்தாக்கா. டீய டம்ளர்ல ஆத்திக்கிட்டே, பரீட்சையில பாஸான புள்ளையப் பாக்கற மாதிரி அவனப் பாத்துச் சிரிக்கறாங்க. "நேத்து அத்தன தடவ சொல்லிக் குடுத்தும் அந்த 'யாரு அடிச்சிருந்தாலும்'ங்கற எடத்துல வந்து வந்து முட்டிக்கிட்டு நின்னீங்களே." நவநீதன் அக்கான்னான். மெதுவா, பல்லக் கடிச்சு. அவங்க கண்டுக்கல, நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. "யாரு சொல்லிக் குடுத்ததுக்கா?"ன்னு கேட்டேன். எங் கொரலு எனக்கே அடையாளம் தெரியல. "அதானுங், கையத் தொட்டில் கட்டிப் போட்டுட்டு வந்தாரே ஒருத்தரு, தோள்ல கட்டுப் போட்டுட்டு. அந்த ஸ்டூல்லதானுங் உக்காந்திருந்தாரு. மருதுன்னு ஒருத்தன் வருவான், காத்தப் பத்தி மூச்சு விட்டராதீங்க, காத்து எச்சாகித்தான் தெறிச்சுதுன்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், அவனுக்குத் தெரிய வேண்டாம், அவனுக்கு அந்தக் காதுதான் சோறு, அது தப்பாக் கேட்டுருச்சுன்னு தெரிஞ்சா அப்பறம் மேடையேற மாட்டான்னாரு. போன்ல பேசுனா வாய் தவறி நானே சொல்லிருவேன்னு பயந்துட்டு போன்கூட எடுக்கறதில்லையாமுங். பாவமுங், வலியில மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடந்துது, இத்தன தூரம் பஸ்ஸுல வந்து, திரும்பிப் போறப்ப அந்த ஒத்தக் கையில கம்பியப் புடிப்பாரா, டிக்கெட்ட வாங்குவாரா."